அத்தியாயம் 9: காற்றிலும் மழையிலும் பனியிலும் கோல் உதைப்பது

கூரை போட்ட அரங்கில் உதைப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். அமெரிக்கக் கால்பந்தில் தூரச் சாதனைகள் இப்போது கூரைக்கு அடியில்தான் நடக்கின்றன. 2021-இல் ஜஸ்டின் டக்கர் 66 யார்டு அடித்தது டெட்ராய்டின் உள்ளரங்கில். 2025-இல் கேம் லிட்டில் 68 யார்டு அடித்து அதை முறியடித்தது லாஸ் வேகஸின் உள்ளரங்கில். அதற்கு முன்பு, 2013-இல், மேட் பிரேட்டர் 64 யார்டு அடித்தபோது திறந்த வெளிதான். ஆனால் அது டென்வர். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம், காற்று மெலிது.

உங்கள் பள்ளி மைதானத்திலோ வார இறுதி லீக் மைதானத்திலோ இந்த வசதி எதுவும் இல்லை. அக்டோபரில் மழை, நவம்பரில் காற்று, வடக்கு மாநிலமென்றால் அதன்பின் பனி. அப்படிப்பட்ட நாளில் கிக்கருக்குக் கால் பலம் மட்டும் போதாது. எங்கிருந்து உதைக்கலாம், எங்கிருந்து உதைக்கக் கூடாது என்று ஆட்டம் தொடங்குமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும். தவறினால் என்ன நஷ்டம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நஷ்டத்தை நிர்ணயிப்பது விதிப்புத்தகம். அதனால் இந்த அத்தியாயத்தில் வானிலையையும் விதியையும் பிரிக்காமல் சேர்த்தே பார்க்கப் போகிறோம்.

மறக்கக் கூடாத எண்கள்

டச் டவுனுக்கு 6 புள்ளி. அதன்பின் கிடைக்கும் கூடுதல் முயற்சியில் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1. ஓடியோ எறிந்தோ மறுபடி எண்ட் ஜோனுக்குள் கொண்டுபோனால் 2. பீல்டு கோலுக்கு 3.

பீல்டு கோலின் தூரத்தைக் கணக்கிட, பந்து இருக்கும் யார்டு கோட்டுடன் 17-ஐக் கூட்டுங்கள். எண்ட் ஜோன் 10 யார்டு, ஹோல்டர் பின்னால் உட்காரும் தூரம் 7 யார்டு. பந்து 25-ஆம் கோட்டில் இருந்தால் அது 42 யார்டு உதை. இப்போது பல அணிகள் ஹோல்டரை 8 யார்டு பின்னால் உட்கார வைக்கின்றன. அப்போது 18-ஐக் கூட்டுங்கள்.

கூடுதல் முயற்சியின் உதை பள்ளியிலும் கல்லூரியிலும் 20 யார்டு. என்.எஃப்.எல்-இல் 2015 முதல் 33 யார்டு. குறுக்குக் கம்பி எல்லா இடத்திலும் 10 அடி உயரம். கம்பங்களுக்கு இடையே என்.எஃப்.எல்-இலும் கல்லூரியிலும் 18 அடி 6 அங்குலம். பள்ளியில் 23 அடி 4 அங்குலம். பள்ளியில் கிடைக்கும் இந்த ஐந்தடிச் சலுகையை பக்கக்காற்று அடிக்கும் நாளில்தான் உணர்வீர்கள்.

ஆட்டத்துக்கு முன்: உங்கள் கோட்டைக் கண்டுபிடிக்கும் வரிசை

1. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே மைதானத்தில் இருங்கள். பையை இறக்கியதும் உதைக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் கொடிக்கம்பத்தைப் பாருங்கள். பிறகு இரண்டு முனையிலும் கோல் கம்பங்களின் உச்சியில் கட்டிய நாடாக்களைப் பாருங்கள். இரண்டு முனை நாடாவும் ஒரே பக்கம் பறக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் மாடம் இருக்கும் மைதானத்தில் காற்று சுவரில் மோதித் திரும்பும்.

2. புல்லைக் கிள்ளி வீசிப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். அது உங்கள் இடுப்பு உயரத்துக் காற்றைத்தான் சொல்லும். பந்து போகும் உயரத்துக் காற்றைச் சொல்வது நாடா. இரண்டும் முரண்பட்டால் நாடாவை நம்புங்கள்.

3. இரண்டு முனையிலும் 20-ஆம் கோட்டிலிருந்து 40 வரை நடந்து, ஊன்றுகாலின் குதிகாலால் தரையை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசியும் இடம், புல் பெயர்ந்த இடம், உறைந்து கெட்டியான இடம் எல்லாவற்றையும் ஹோல்டருக்குக் காட்டுங்கள். பந்து வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான்.

4. உடம்பு நன்றாகச் சூடேறிய பின், காற்று முதுகில் அடிக்கும்படி நின்று 20 யார்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று உதை. பிறகு ஐந்து யார்டு பின்னால் போங்கள். மூன்றில் இரண்டு தவறும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு முந்தைய இடம்தான் அந்த முனைக்கு உங்கள் கோடு.

5. எதிர் முனைக்குப் போய் இதையே செய்யுங்கள். இரண்டு கோடும் ஒன்றாக இருக்காது. பலத்த காற்று நாளில் இரண்டுக்கும் பத்துப் பதினைந்து யார்டு வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

6. பயிற்சியாளரிடம் தூரமாகச் சொல்லாமல் யார்டுக் கோடாகச் சொல்லுங்கள். “ஸ்கோர்போர்டுப் பக்கம் 28, பஸ் நிற்கிற பக்கம் 18” என்றால் போதும். ஆட்டத்தின் பரபரப்பில் 17-ஐக் கூட்டிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை.

7. இடைவேளையில் வெளியே வந்ததும் இரண்டு முனையிலும் ஓரிரு உதை உதைத்துக் கோட்டைத் திருத்துங்கள். பொழுது சாயும்போது காற்று மாறும்.

குறிப்பு: ஒரு முனையில் இருபத்தைந்து உதைக்கு மேல் போகாதீர்கள். கோட்டைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறேன் என்று காலைக் களைக்க வைத்தால், கண்டுபிடித்த கோடு பொய்யாகிவிடும்.

காற்று

மழை, பனி, குளிர் எல்லாவற்றையும்விடக் கிக்கரை ஏமாற்றுவது காற்றுதான். பனி கண்ணுக்குத் தெரியும்; பயிற்சியாளரே பயந்து உதையை விட்டுவிடுவார். காற்றைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

*எதிர்க்காற்று.* எல்லோரும் செய்யும் தவறு, வழக்கத்தைவிட ஓங்கி உதைப்பது. ஓங்கும்போது உடம்பு பின்னால் சாயும், பந்தின் அடியில் கால் போகும், பந்து உயரமாக எழும். உயரத்தில் காற்று பலம், பந்து அங்கேயே நின்றுவிடும். அதே வேகத்தில் உதையுங்கள். நெஞ்சைப் பந்துக்கு மேலே வையுங்கள். காலைக் கோலை நோக்கி நீட்டி முடியுங்கள். பந்து சற்றுத் தாழ்வாகப் போகும். தாழ்வாகப் போனால் எதிரணியினர் கை நீட்டித் தடுக்கும் ஆபத்து கூடும் என்பதையும் மறக்காதீர்கள். அதனால்தான் எதிர்க்காற்றில் உங்கள் கோட்டை இன்னும் இரண்டு மூன்று யார்டு குறைத்தே சொல்ல வேண்டும்.

*பக்கக்காற்று.* கம்பத்தைக் குறிவைத்து உதைத்தால் காற்று பந்தை நடுவுக்குக் கொண்டுவரும் என்பது பொதுவான கணக்கு. இதில் இரண்டு பேர் தவறுகிறார்கள். ஒருவர் தூரத்தைப் பார்க்காமல் எப்போதும் ஒரே அளவு விலக்கிக் குறிவைக்கிறார். பந்தின் வேகம் குறையக் குறையக் காற்றின் பிடி இறுகும். 25 யார்டு உதையில் கொஞ்சமே விலகும் பந்து 45 யார்டில் கடைசி நேரத்தில் வளைந்து ஓடும். இன்னொருவர் கம்பத்துக்கு வெளியே குறிவைத்துவிட்டு, அந்த நொடியில் காற்று நின்றுவிட்டால் கையைப் பிசைகிறார். என் விதி எளிது: குறி எப்போதும் இரண்டு கம்பங்களுக்கு உள்ளேயே இருக்கட்டும். கம்பத்துக்கு வெளியே குறிவைத்தால்தான் விழும் என்ற நிலை வந்தால், அது உங்கள் கோட்டைத் தாண்டிய உதை.

ஹாஷ் கோடுகளையும் கணக்கில் எடுங்கள். என்.எஃப்.எல்-இல் இரண்டு ஹாஷ் கோடுகளும் கோல் அகலத்துக்குச் சமமான இடைவெளியில் இருப்பதால் சாய்வு குறைவு. கல்லூரியில் இடைவெளி 40 அடி, பள்ளியில் 53 அடி 4 அங்குலம். இடமிருந்து வலமாகக் காற்று அடிக்கும்போது பந்து எந்த ஹாஷில் இருந்தால் உங்களுக்கு வசதி என்பதைப் பயிற்சியிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது டவுனில் எந்தப் பக்கம் ஓடுவது என்பதைப் பயிற்சியாளர் அதை வைத்துத் தீர்மானிப்பார்.

*நாணயச் சுண்டல்.* காற்று நாளில் பாதி ஆட்டம் இங்கே முடிவாகிறது. வெல்பவர் பந்தைத் தேர்ந்தெடுக்கலாம், முனையைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது தன் முறையை இரண்டாம் பாதிக்குத் தள்ளிப் போடலாம். முதல் கால் பகுதியும் மூன்றாம் கால் பகுதியும் முடிந்ததும் அணிகள் முனை மாறும். ஆகவே கடைசிக் கால் பகுதியில் காற்று முதுகில் வேண்டுமென்றால், மூன்றாவதில் அதை முகத்தில் வாங்க வேண்டும். தள்ளிப் போட்ட எதிரணி இரண்டாம் பாதியில் பந்தைக் கேட்டால், முனை உங்கள் கையில். அணித்தலைவர் இதை நடுவரிடம் எப்படிச் சொல்ல வேண்டுமென்று ஒத்திகை பாருங்கள். 1962-இல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், டல்லாஸ் அணியின் ஏப்னர் ஹேன்ஸ் சுண்டலை வென்றார். முனையைக் கேட்க வேண்டியவர், முதலில் ‘உதைக்கிறோம்’ என்று சொல்லிவிட்டார். அவர் தேர்வு அதோடு முடிந்தது. முனையை ஹூஸ்டன் எடுத்துக்கொண்டது. டல்லாஸ் பந்தையும் விட்டு, காற்றையும் விட்டு ஆடி, எப்படியோ 20–17 என்று ஜெயித்தது.

மறுபக்கத்துப் பாடம் 2002-இல். டெட்ராய்ட் பயிற்சியாளர் மார்ட்டி மார்ன்ஹின்வெக் கூடுதல் நேரத்தில் பந்தை விட்டுக் காற்றைத் தேர்ந்தெடுத்தார். முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்ற விதி அன்றைக்கு. சிகாகோ பந்தை வாங்கி, எதிர்க்காற்றிலேயே நகர்த்திக்கொண்டு வந்து, பீல்டு கோல் அடித்து முடித்துவிட்டது. டெட்ராய்டின் கைக்குப் பந்தே வரவில்லை. இப்போது என்.எஃப்.எல் கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் பந்து கிடைக்கும். இன்று அதே முடிவை எடுத்தால் அவ்வளவு கேலி கிடைக்காது.

*காற்றில் எப்படி ஆடுவது என்று பார்க்க* ஓர் ஆட்டத்தைச் சொல்ல வேண்டுமென்றால், 2021 டிசம்பர் 6 அன்று பஃபலோவில் நடந்ததைத் தேடிப் பாருங்கள். நியூ இங்கிலாந்து ஆட்டம் முழுக்க மூன்றே முறைதான் பந்தை எறிந்தது. முதல் டச் டவுன் அடித்ததும் உதைக்காமல் இரண்டு புள்ளிக்கு ஓடி 8 எடுத்தது. பஃபலோ தன் டச் டவுனுக்குப் பின் உதைத்து 7 எடுத்தது. நிக் ஃபோக் 41, 34 யார்டில் இரண்டு அடித்தார். பஃபலோவின் டைலர் பாஸ் கடைசிக் கால் பகுதியில் 33 யார்டில் தவறவிட்டார். முடிவு 14–10. யார்டுக் கணக்கைப் பார்த்தால் 33 எளிது, 41 கடினம். அன்றைய காற்றில் அந்தக் கணக்கு செல்லவில்லை.

குளிர்

குளிரில் மூன்று காரியம் சேர்ந்து தூரத்தைத் தின்னும். காற்று அடர்த்தியாகும்: 30 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட மைனஸ் 10-இல் சுமார் 15 சதவீதம் அதிகம். பந்துக்குள் அழுத்தம் இறங்கும்: ஒவ்வொரு 11 டிகிரி குறைவுக்கும் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. அறையில் 13 காட்டிய பந்து மைனஸ் 10-இல் 10-ஐ ஒட்டி வந்துவிடும். மூன்றாவது, உங்கள் தசை இறுகும்.

முதல் இரண்டுக்கும் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. பந்தை ஹீட்டர் முன் காட்டுவது விதிமீறல், யாராவது சொன்னாலும் செய்யாதீர்கள். மூன்றாவது முழுக்க உங்கள் பொறுப்பு.

1. உட்காராதீர்கள். அணி ஆடும்போதெல்லாம் ஓரத்தில் நடந்துகொண்டே இருங்கள்.
2. எதிரணியின் 45-ஆம் கோட்டைத் தாண்டி உங்கள் அணி வந்ததும் வலைக்குள் மூன்று மென்மையான உதை. நான்காவது டவுன் வரும்வரை காத்திருந்து, குளிர்ந்த காலோடு ஓடாதீர்கள்.
3. உதைகாலுக்கு மெல்லிய ஒற்றைக் காலுறை போதும். இரண்டு போட்டால் ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறையும்.
4. ஹோல்டரின் கையைக் கவனியுங்கள். கிக்கரின் காலைவிட அவர் விரல்கள்தான் முதலில் மரத்துப்போகும். இடுப்பில் கட்டும் கைப்பையும் சூடுபடுத்தும் பொட்டலமும் அவருக்குத் தேவை.

விரல் மரத்தால் என்ன ஆகும்? பந்தைப் பிடித்து நிறுத்தும்போது லேஸை கோல் பக்கம் திருப்ப அவரால் முடியாது. ஸ்னாப் வருவதிலிருந்து உதை வரை சுமார் 1.3 விநாடிதான். 2016 ஜனவரி 10, மினியாபொலிஸ், மைனஸ் 21 டிகிரி. அதுவரை மூன்று பீல்டு கோலும் அடித்து அணியின் 9 புள்ளியையும் எடுத்திருந்த பிளேர் வால்ஷ், கடைசியில் 27 யார்டு உதையை இடப்பக்கம் தவறவிட்டார். சியாட்டில் 10–9. படத்தை நிறுத்திப் பார்த்தால் லேஸ் கிக்கரைப் பார்த்தபடி இருக்கும். உதைத்தவர்தான் பழியைச் சுமந்தார், அதுதான் இந்த வேலை. ஆனால் குளிர்ப் பயிற்சிக்குப் போகும்போது ஸ்னாப்பரையும் ஹோல்டரையும் விட்டுவிட்டுத் தனியாகப் போகாதீர்கள்.

இரண்டு முறை தவறியவர் மூன்றாவதுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். 2008 ஜனவரியில் கிரீன் பேயில் லாரன்ஸ் டைன்ஸ் 43, 36 யார்டில் தவறவிட்டுவிட்டு, கூடுதல் நேரத்தில் 47 அடித்து நியூயார்க்கை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார். முந்தைய தவறு எதனால் வந்தது என்று தெரிந்தால் போகலாம். தெரியாவிட்டால் போகக் கூடாது.

மழையும் சேறும்

மழையில் உதை தவறுவது பெரும்பாலும் ஊன்றுகாலில். உதைகால் பந்தைத் தொடும் நேரத்தில் ஊன்றுகால் வழுக்கினால் பந்து எங்கே வேண்டுமானாலும் போகும்.

- ஊன்றுகால் ஷூவுக்கு மட்டும் நீளமான ஸ்டட் மாட்டுங்கள். உதைகாலுக்குத் தேவையில்லை.
- பின்வாங்கும் அடிகளைச் சுருக்குங்கள். கடைசி அடி நீளமாக இருந்தால்தான் வழுக்கும்.
- உங்கள் பாதம் முழுவதும் தட்டையாக இறங்கட்டும். குதிகால் முதலில் இறங்கினால் சறுக்கும்.
- பள்ளி ஆட்டத்தில் பீல்டு கோலுக்கு இரண்டு அங்குலம் வரை உயரமுள்ள டீ அனுமதி. சேற்றில் அது வரப்பிரசாதம். கல்லூரியிலும் என்.எஃப்.எல்-இலும் கிடையாது.

துண்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2022 செப்டம்பரில் சிகாகோவில் கொட்டும் மழை. ஹோல்டராக வந்த டிரென்டன் கில், பந்து வைக்கும் இடத்தை ஒரு துண்டால் ஒற்றி எடுத்தார். நடுவர் கொடியை வீசினார்: வெளிப் பொருளைக் கொண்டு ஆடுதளத்தை மாற்றியதற்கு 15 யார்டு தண்டனை. உதைக்கும் தூரத்திலிருந்து அணி வெளியேறிவிட்டது. கையாலும் காலாலும் துடைக்கலாம். பொருள் எதுவும் கூடாது. உங்கள் லீகில் எது செல்லும் என்று ஆட்டத்துக்கு முன் நடுவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்பதற்குத் தண்டனை இல்லை.

பனி

உழவு இயந்திரக் கதை தெரியாமல் பனியில் யாரும் உதைக்கக் கூடாது. 1982 டிசம்பர் 12, ஃபாக்ஸ்பரோ. நியூ இங்கிலாந்தும் மயாமியும் புள்ளியே இல்லாமல் கடைசிக் கால் பகுதிவரை வந்தன. 33 யார்டு உதைக்கு ஜான் ஸ்மித் தயாரானபோது, மைதான ஊழியர் ஒருவர் துடைப்பான் மாட்டிய டிராக்டரை ஓட்டிவந்து பந்து வைக்கும் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். 3–0. மயாமி பயிற்சியாளர் டான் ஷூலா கொதித்தார். முடிவு மாறவில்லை, வழக்கம் மாறியது. இன்று ஊழியர்கள் உதைக்கும் இடத்தைச் சுத்தம் செய்ய முடியாது. ஆகவே வேலை உங்கள் காலுக்கு.

பனியில் இடம் செய்யும் முறை:

1. பந்து வைக்கும் இடத்தை ஹோல்டர் கையால் வழித்து எடுக்கட்டும். புல் தெரிய வேண்டுமென்பதில்லை; கெட்டியாக இருந்தால் போதும்.
2. ஊன்றுகால் இறங்கும் இடத்தை நீங்கள் பாதத்தின் பக்கவாட்டால் தேய்த்து எடுங்கள். ஓர் அடி அகலம் போதாது, இரண்டடி வேண்டும். பனியில் காலடி சரியாக அதே இடத்தில் விழாது.
3. ஓடிவரும் பாதையில் இரண்டு முறை நடந்து மிதித்துவிடுங்கள்.
4. ஸ்டட் இடுக்கில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு நில்லுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ஒரு டைம் அவுட்டைக் கையில் வைத்திருங்கள் என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

2017 டிசம்பரில் பஃபலோவில் கண் தெரியாத பனியில் ஆடம் வினாட்டியேரி செய்ததைப் பாருங்கள். அவருடைய இண்டியானபொலிஸ் அணி டச் டவுனுக்குப் பின் இரண்டு புள்ளி முயற்சியில் வென்றது. தண்டனையால் அது செல்லாமல் போனது. பத்து யார்டு பின்னால் தள்ளப்பட்டு, 33 யார்டு உதை 43 ஆனது. பனிக்குள் அதை வளைத்து அடித்து 7–7 ஆக்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் அதே 43 யார்டில் பீல்டு கோல், தவறியது. கூடுதல் நேரத்தில் பஃபலோ 13–7 என்று ஜெயித்தது. ஒரே ஆள், ஒரே தூரம், ஒரே பனி. முதல் உதை விழுந்ததை வைத்து உங்கள் கோட்டை நீட்டாதீர்கள்.

தவறினால் பந்து யாருக்கு?

உதைக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியின் பாதி பதில் இங்கே இருக்கிறது. லீகுக்கு லீக் வேறுபடும்.

என்.எஃப்.எல்-இல் தவறிய பீல்டு கோலுக்குப் பின் எதிரணிக்குப் பந்து, உதைத்த இடத்திலிருந்தே கிடைக்கும். அதாவது ஏழெட்டு யார்டு கூடுதல் நஷ்டம். கல்லூரியில் ஸ்னாப் செய்த கோட்டிலிருந்து. இரண்டிலும் 20-ஆம் கோட்டுக்கு உட்பட்டதென்றால் 20-இலிருந்து. பள்ளியில் தவறிய பீல்டு கோல் பன்ட் போலத்தான்: கோல் கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு 20-ஆம் கோடு, எட்டாமல் விழுந்தால் நிற்கும் இடம். எனவே பள்ளி ஆட்டத்தில், காற்று முதுகில் இருக்கும்போது, 35-ஆம் கோட்டிலிருந்து ஒரு நீண்ட உதையை முயல்வது அவ்வளவு பெரிய சூதாட்டமல்ல. விழுந்தால் 3, விழாவிட்டால் நல்ல பன்ட் கணக்கு.

எட்டாமல் விழும் பந்தில் வேறோர் ஆபத்து உண்டு. எதிரணி அதைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். டக்கர் 66 அடித்த அதே நாளில், ஜாக்சன்வில்லில் பிரேட்டர் முயன்ற 68 யார்டு உதை எட்டவில்லை. ஜமால் ஆக்னியூ எண்ட் ஜோனின் ஆழத்தில் பிடித்து 109 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். உதைக்கும் அணியில் கனமான தடுப்பாளர்கள்தான் இருப்பார்கள். துரத்த ஆள் இல்லை. நீண்ட உதை என்றால், உதைத்ததும் கொண்டாட நிற்காமல் இரண்டு பக்கமும் விரிந்து ஓடும்படி அணிக்குச் சொல்லிவையுங்கள். அதில் நீங்களும் அடக்கம்.

தடுக்கப்பட்ட பந்துக்கு ஒரு வரி விதி. ஸ்னாப் கோட்டுக்கு உங்கள் பக்கமே கிடந்தால் எடுத்து ஓடலாம். கோட்டைத் தாண்டிப் போயிருந்தால், எதிரணி தொட்ட பின்தான் உங்களுக்கு உரிமை. 1993 நன்றி நவிலும் நாள் ஆட்டத்தில் டல்லாஸில் பனிக்கட்டி மழை. மயாமியின் 41 யார்டு உதையைத் தடுத்தாயிற்று, டல்லாஸ் 14–13 என்று முன்னிலை, சில விநாடிகளே பாக்கி. பந்தைச் சும்மா விட்டிருந்தால் வெற்றி. லியான் லெட் அதை எடுக்கப் பனியில் சறுக்கிக்கொண்டு வந்து, பிடிக்க முடியாமல் தொட்டுவிட்டார். கோல் கோட்டருகே மயாமி அதன்மேல் விழுந்தது. பீட் ஸ்டோயனோவிச் மறுபடி உதைத்தார்: 16–14. தடுப்பணியில் நிற்பவர்களுக்கு இதை ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பக்கம் பக்கமாக விதி படிப்பதைவிட நன்றாக மனதில் நிற்கும்.

காற்றுக்கென்றே இருக்கும் ஒரு விதியும் உண்டு. என்.எஃப்.எல்-இல் பந்து கம்பங்களுக்கு நடுவே கடந்து, அப்பால் தரையையோ வேறு எதையோ தொடாமல் காற்றால் திரும்பி அதே வழியாக வந்துவிட்டால், கோல் இல்லை. கம்பத்திலோ குறுக்குக் கம்பியிலோ பட்டு உள்ளே விழுந்தால் கோல்தான். டக்கரின் 66 அப்படித்தான் விழுந்தது.

ஒன்றா, இரண்டா?

கணக்கு சின்னது. இரண்டு புள்ளி முயற்சியில் உங்கள் அணி பத்துக்கு நான்கு முறை ஜெயிக்கும் என்றால், சராசரி 0.8. உதை பத்துக்கு எட்டுக்கும் மேல் விழுந்தால்தான் உதைப்பது லாபம். வெயில் நாளில் விழும். சேற்றிலும் பனியிலும் ஸ்னாப், பிடி, ஊன்றுகால் மூன்றும் ஆட்டம் காணும்போது அந்த எண் சட்டென்று சரியும். 2013 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் பெய்த பனியில் டெட்ராய்டுடன் நடந்த ஆட்டத்தில் இரு அணியும் பீல்டு கோல் பக்கமே போகவில்லை. டச் டவுன்களுக்குப் பின்னும் பெரும்பாலும் இரண்டு புள்ளிக்கே போயின. 34–20.

தடுக்கப்பட்ட உதையை எதிரணி எடுத்து மறுமுனைவரை ஓடினால் கல்லூரியிலும் என்.எஃப்.எல்-இலும் அவர்களுக்கு 2 புள்ளி என்பதையும் தட்டில் வையுங்கள்.

நேரம் இருக்கும்போது மூன்றாவது டவுனிலேயே பீல்டு கோலுக்குப் போவதும் ஈர நாளுக்கு நல்ல உத்தி. ஸ்னாப் நழுவினால் ஹோல்டர் பந்தின்மேல் விழுந்துவிடலாம். நான்காவது டவுன் மிச்சமிருக்கும். உதைக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். 1967 டிசம்பர் 31, கிரீன் பேயில் மைனஸ் 25 டிகிரி, தரை பனிக்கட்டி. 16 விநாடி, மூன்றாவது டவுன், டைம் அவுட் இல்லை, 17–14 என்று டல்லாஸ் முன்னிலை. அந்தக் காலத்தில் கம்பங்கள் கோல் கோட்டின் மேலேயே நின்றன. சமன் செய்யும் உதை பத்து யார்டு தூரம்கூட இருந்திருக்காது. பார்ட் ஸ்டார் உதைக்கு விடாமல் தானே பந்தோடு உள்ளே புகுந்தார். 21–17.

பாதுகாப்பு

*மின்னல்.* இடி காதில் விழுந்தாலே ஆட்டம் நிற்க வேண்டும். கடைசி இடிக்கோ மின்னலுக்கோ பின் 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மைதானம். இடையில் இன்னொரு முறை இடித்தால் கணக்கு முதலிலிருந்து. தனியாகப் பயிற்சி செய்பவர்களுக்கு நடுவர் கிடையாது. நீங்களே நிறுத்த வேண்டும். உலோகப் படிக்கட்டு மாடமும் கோல் கம்பமும் ஒதுங்கும் இடமல்ல. கார் அல்லது கட்டடத்துக்குள் போங்கள்.

*குளிர்க்கடி.* காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28 டிகிரிக்குப் போனால், மூடாத தோல் அரை மணி நேரத்தில் பாதிக்கப்படும். காது, மூக்கு, விரல் நுனி வெளிறி உணர்வற்றுப் போனால் தேய்க்காதீர்கள்; உள்ளே போய் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். ஈரக் காலுறையை இடைவேளையில் கட்டாயம் மாற்றுங்கள்.

*உறைந்த தரை.* கிக்கர் விழுவதும் உண்டு, விழும்போது தலை அடிபடுவதும் உண்டு. குதிகால் பதியாத அளவுக்குத் தரை கெட்டியாக இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம்.

*தொடைப் பின்தசை.* குளிரில் முதல் உதையை முழு பலத்தில் உதைத்துத்தான் அது கிழியும். சுருக்கென்று இழுத்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். ஐஸ் வைத்து, வலி போகும்வரை ஓட்டம்கூட வேண்டாம்.

*வெயில்.* ஆகஸ்ட் முகாமில் கிக்கர்கள் ஓரத்தில் நிற்பதால் தண்ணீர் இடைவேளையில் அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். பாட்டிலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

இரண்டு அளவு ஸ்டட், அவற்றை மாற்றும் சாவி, மூன்று ஜோடி காலுறை, ஹோல்டருக்கான கைச்சூட்டுப் பொட்டலங்கள், ஸ்டட் இடுக்கைச் சுரண்ட ஒரு பழைய பல் துலக்கி, பந்தைத் துடைக்க ஆட்டக் கோட்டுக்கு வெளியே மட்டும் பயன்படுத்தும் துண்டு, அன்றைய இரண்டு கோடுகளையும் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு துண்டு டேப். பேனா வேண்டாம், ஈரத்தில் அழியும். பென்சில் எடுத்துப் போங்கள்.